எச்.ஐ.வி-யை இந்தியாவில் முதலில் கண்டறிந்த சென்னை டாக்டர்: யார் இந்த சுனிதி சாலமன்? அதே வைரஸ் இன்று மருந்தானது எப்படி?

கும்மிடிப்பூண்டி சிப்காட், பொன்னேரி, காட்டுப்பள்ளி துறைமுகம்னு இந்தப் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானதுதான். ஜி.என்.டி ரோட்டில் லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் ஒரு சின்னப் பந்தல், இரண்டு நாற்காலி, சிவப்பு ரிப்பன் படம் போட்ட பேனர். எச்.ஐ.வி பரிசோதனை முகாம். விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், டீ குடிச்சுட்டு வர்ற நேரத்துக்குள்ள ரிசல்ட்.

இவ்வளவு சாதாரணமாகிவிட்ட இந்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி-யை இந்தியாவில் முதன்முதலில் கண்டறிய, 1986-ல் ஒரு வீட்டு ஃபிரிட்ஜ், ஒரு ஐஸ் பெட்டி, காட்பாடி வரை ஒரு இரவு ரயில் பயணம் எல்லாம் தேவைப்பட்டது. அதோடு, யாருமே தொட விரும்பாத ஒரு விஷயத்தைத் தொட்டுப் பார்க்கும் பிடிவாதமும் வேண்டியிருந்தது. அந்தப் பிடிவாதத்தின் பெயர் டாக்டர் சுனிதி சாலமன்.

அவர் மறைந்து 10 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனா, அவர் பெயரை இப்போது நினைக்க ஒரு புதுக் காரணம் இருக்கு. 'லென்டிவைரஸ்' என்ற வார்த்தையை மரபணு சிகிச்சை பற்றிய செய்திகளில் அடிக்கடி பார்க்கிறோம். எச்.ஐ.வி-யும் லென்டிவைரஸ் குடும்பம்தான் என்று தெரிந்ததும், அப்போ எய்ட்ஸ் கிருமியை உடம்பில் ஏற்றுகிறார்களா என்ற பயம் வருவது இயல்பு. அந்தப் பயத்துக்கான பதில் சுனிதியின் கதையோடு பின்னிக் கிடக்கிறது.

எட்டுப் பிள்ளைகளில் ஒரே பெண்

1930-களின் கடைசியில் சென்னையில் பிறந்தவர் சுனிதி. அப்பா வழிப் பெயர் கைதோண்டே. மராத்தி பேசும் குடும்பம், தோல் வியாபாரம். வீட்டில் எட்டுப் பிள்ளைகள், அதில் ஏழாவது இவர், ஒரே பெண்ணும் இவர்தான். வருஷா வருஷம் தடுப்பூசி போட வீட்டுக்கு வரும் சுகாதார அதிகாரியைப் பார்த்துத்தான் டாக்டராகணும்னு சின்ன வயசிலேயே ஆசை வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஊசியைப் பார்த்து மத்த பிள்ளைகளுக்கு அழுகை வந்தா, இந்தப் பொண்ணுக்கு ஆசை வந்திருக்கு.

சென்னை மருத்துவக் கல்லூரியில் படிப்பு. அங்கேதான் சாலமன் விக்டரைச் சந்தித்தார். பின்னாளில் சென்னையில் பேர் பெற்ற இதய அறுவை சிகிச்சை நிபுணர் ஆனவர். இந்து மராத்தி வீட்டுப் பெண், கிறிஸ்தவத் தமிழர். அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. திருமணத்துக்குப் பிறகு இருவரும் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று பயிற்சி எடுத்தார்கள். 1973-ல் சென்னைக்கே திரும்பினார்கள். இங்கேதான் தன் வேலை அதிகம் தேவைப்படுகிறது என்பது சுனிதியின் எண்ணம். நுண்ணுயிரியலில் மேற்படிப்பு முடித்து, படித்த கல்லூரியிலேயே பேராசிரியர் ஆனார்.

அடுத்த பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் பெரிய பரபரப்பில்லாத அரசு மருத்துவக் கல்லூரி வாழ்க்கை.

1986: ஒரு மாணவி, ஒரு தலைப்பு

1981-ல் அமெரிக்காவில் எய்ட்ஸ் பற்றிய முதல் தகவல்கள் வந்தன. 1983-ல் பாரிஸில் வைரஸ் அடையாளம் காணப்பட்டது. 1985-ல் ரத்தப் பரிசோதனை வந்தது. இதையெல்லாம் மருத்துவ இதழ்களில் விடாமல் படித்துக்கொண்டிருந்தார் சுனிதி.

அப்போது இந்தியாவில் பொதுவான நினைப்பு என்ன தெரியுமா? இது வெளிநாட்டுக்காரர்களின் வியாதி. நம்ம ஊர்ல குடும்பம், கட்டுப்பாடு எல்லாம் இருக்கு, இங்க எப்படி வரும்? பத்திரிகைகள் அப்படித்தான் எழுதின, அதிகாரிகளும் அப்படித்தான் நம்பினார்கள். மும்பை போன்ற ஊர்களில் ஏற்கெனவே சில பரிசோதனைகள் நடந்து, எதுவும் கிடைக்காததும் அந்த நம்பிக்கையை வலுவாக்கியது.

அந்த நேரத்தில் ஆய்வுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தார் முதுகலை மாணவி செல்லப்பன் நிர்மலா. வயசு 32. சிறு நகரத்திலிருந்து, கட்டுப்பாடான குடும்பத்திலிருந்து வந்தவர். வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள். அவரிடம் சுனிதி சொன்ன தலைப்பு: தமிழ்நாட்டில் எய்ட்ஸ் இருக்கிறதா என்று தேடிப் பார்.

நிர்மலா தயங்கினார். இது தேவையில்லாத வேலைன்னு முதலில் தோணுச்சு. ஊக்கம் கொடுத்தது அவர் கணவர் வீரப்பன் ராமமூர்த்தி. இலக்கு 200 ரத்த மாதிரிகள். எங்கே எடுப்பது? பாலியல் தொழிலாளர்கள், ஒருபால் ஈர்ப்பாளர்கள், ஆப்பிரிக்க மாணவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். சென்னையில் மும்பை மாதிரி தனி சிவப்பு விளக்குப் பகுதி கிடையாது. அதனால் நிர்மலா மருத்துவமனைக்கு வரும் பெண்களிடம் பழகி, அவர்கள் மூலமாக விசாரித்து, கடைசியில் காவலில் வைக்கப்பட்ட பெண்கள் இருக்கும் அரசு இல்லத்துக்குப் போனார். பஸ்ஸுக்குக்கூட யோசித்துச் செலவு பண்ணும் நிலைமை. தினமும் கணவர்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார்.

மூணு மாசத்துல 80 மாதிரிகள் சேர்ந்தன. கையுறை இல்லை. பாதுகாப்பு உபகரணம் எதுவும் இல்லை. தன் ரத்தத்தில் எதைத் தேடப் போகிறார்கள் என்று அந்தப் பெண்களுக்கும் தெரியாது.

கடைசி வரியைக் கொஞ்சம் நின்று படிக்கணும். இன்றைய சட்டப்படி இது செல்லவே செல்லாது. சம்மதம் வாங்காமல், விளக்கம் சொல்லாமல் எச்.ஐ.வி பரிசோதனை செய்யக் கூடாது என்று 2017-ல் வந்த எச்.ஐ.வி மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் சொல்கிறது. 1986-ல் அப்படி ஒரு சட்டம் இல்லை. இந்தியாவின் பெரிய மருத்துவக் கண்டுபிடிப்பு ஒன்று, காவலில் இருந்த, மறுக்க வழியில்லாத பெண்களின் ரத்தத்திலிருந்து வந்தது என்பதை மறைத்துவிட்டுப் பாராட்டு மட்டும் எழுதுவது சரியா இருக்காது.

வேலூரில் ஒரு மதியம்

சுனிதியின் ஏற்பாட்டில், கணவர் உதவியோடு, ஒரு சின்ன ஆய்வகம் தயாரானது. அங்கே ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரித்தார் நிர்மலா. பத்திரமாக வைக்க வேறு இடம் இல்லாததால் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். தயிர், காய்கறி வைக்கிற அதே ஃபிரிட்ஜ்தான்.

சென்னையில் எச்.ஐ.வி-க்கான எலிசா பரிசோதனை வசதி இல்லை. வேலூர் சி.எம்.சி-யில் இருந்தது. சுனிதி பேசி அனுமதி வாங்கினார். 1986 பிப்ரவரியில் ஒரு நாள் நிர்மலாவும் கணவரும் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் அடுக்கி, இரவு ரயிலேறி காட்பாடி இறங்கி, ஆட்டோ பிடித்து சி.எம்.சி போய்ச் சேர்ந்தார்கள்.

அங்கே வைரஸ் துறையை வழிநடத்தியவர் டாக்டர் ஜேக்கப் ஜான். இளம் சகாக்கள் ஜார்ஜ் பாபு, எரிக் சைமோஸ் இருவரையும் உதவிக்குக் கொடுத்தார். காலையில் வேலை தொடங்கியது. மதியம் கரண்ட் போச்சு. எல்லாரும் டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்து மூடியைத் திறந்த ஜார்ஜ் பாபு, உடனே மூடிவிட்டார். ஆனா பக்கத்தில் நின்ற நிர்மலா பார்த்துவிட்டார். சில குழிகளில் திரவம் மஞ்சளாகியிருந்தது.

எலிசா தட்டில் நிறம் மாறினால், ரத்தத்தில் அந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கு என்று அர்த்தம். ஆறு மாதிரிகள் மஞ்சளாகியிருந்தன. ஜேக்கப் ஜானும் வந்து பார்த்தார். யாருக்கும் நம்ப முடியவில்லை. வெளியே யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று நிர்மலாவுக்குச் சொல்லப்பட்டது.

சென்னையில் சுனிதியிடம் விஷயம் வந்தது. அவரும் நிர்மலாவும் மறுபடி அந்த இல்லத்துக்குப் போய் ஆறு பேரிடமும் புதிதாக ரத்தம் எடுத்தார்கள். அந்த மாதிரிகளை எரிக் சைமோஸ் அமெரிக்காவுக்கு எடுத்துப் போனார். அங்கே வெஸ்டர்ன் பிளாட் என்ற உறுதிப்படுத்தும் சோதனையும் அதையே சொன்னது. வைரஸ் இந்தியாவுக்கு வந்து சேர்ந்திருந்தது.

தகவல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்குப் போய், அங்கிருந்து பிரதமர் ராஜீவ் காந்தி வரை போனது. 1986 மே மாதம் சட்டப்பேரவையில் அன்றைய சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே அறிவித்தார். பார்வையாளர் மாடத்தில் சுனிதியும் நிர்மலாவும் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்து வந்தது பாராட்டு அல்ல, சந்தேகம். பரிசோதனையே தப்பு என்றவர்கள் இருந்தார்கள். மராத்திக்காரர் ஒருவர் வந்து தமிழ்நாட்டைப் பற்றி இப்படிச் சொல்லலாமா என்றுகூடப் பேசினார்கள். சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவரைப் பார்த்து!

ஆய்வேட்டை 1987 மார்ச்சில் சமர்ப்பித்தார் நிர்மலா. பிறகு கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தடுப்பூசித் தயாரிப்புப் பணியில் சேர்ந்து 2010-ல் ஓய்வு பெற்றார். ரொம்ப காலம் அவர் பெயர் வெளியே தெரியவே இல்லை.

அந்தப் பதிமூணு வயசுப் பெண்

அந்த ஆறு பேரில் ஒருத்திக்கு வயசு 13. கடத்தப்பட்டு, விற்கப்பட்டு இந்தத் தொழிலில் தள்ளப்பட்டவள். இந்தப் பெண்ணைத்தான் தன் வாழ்க்கையின் திருப்பமாகப் பின்னாளில் பல பேட்டிகளில் குறிப்பிட்டார் சுனிதி. அதுவரை வைரஸைத் தேடும் நுண்ணுயிரியலாளர். அதன் பிறகு வைரஸ் பிடித்த மனுஷங்களோட உட்காருகிற டாக்டர்.

சுலபமா நடக்கலை. ஆரம்பத்தில் கணவருக்கே இதில் விருப்பமில்லை. பாலியல் தொழிலாளிகள், போதை ஊசி போடுபவர்கள் மத்தியில் மனைவி வேலை பார்ப்பதை நினைத்து அவருக்குக் கவலை. ஒரு தடவை அவங்க கதையை உட்கார்ந்து கேட்டா நீங்க இப்படிப் பேச மாட்டீங்க என்பதுதான் சுனிதியின் வாதமாக இருந்தது. நாளடைவில் அவரும் மாறினார்.

வெளியே நிலைமை இன்னும் மோசம். எச்.ஐ.வி என்று தெரிந்தால் மருத்துவமனைகளில் சேர்க்க மாட்டார்கள். பிரசவம் பார்க்க மாட்டார்கள். இறந்தால் உடலைத் தொட ஆள் இல்லை. நோய் உறுதியான பெண்கள் சிலரைத் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் வெளியே விடாமல் இல்லத்திலேயே வைத்திருந்தார்கள். நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் விடுதலை கிடைத்தது.

மருத்துவக் கல்லூரியிலேயே எய்ட்ஸ் ஆலோசனைக் குழு ஒன்றைத் தொடங்கி நடத்திய சுனிதி, 1993-ல் அரசு வேலையை விட்டு வெளியே வந்தார். அப்பா பெயரில் ஒய்.ஆர்.ஜி கேர் என்ற மையத்தை ஆரம்பித்தார். தன் ரத்தத்தைத் தானே முன்வந்து பரிசோதித்துக்கொள்ளவும், ரகசியமாக ஆலோசனை பெறவும் இந்தியாவில் தொடங்கிய ஆரம்பகால மையங்களில் ஒன்று இது. பின்னர் தரமணியில் வி.எச்.எஸ் வளாகத்திலிருந்து இயங்கி ஆயிரக்கணக்கான பேருக்குச் சிகிச்சை கொடுத்தது.

ஒரு விஷயத்தை நாம் மறந்துவிடக் கூடாது. 1993-ல் கொடுக்க மருந்தே கிட்டத்தட்ட இல்லை. 1996-ல்தான் கூட்டு மருந்து முறை உலகில் வந்தது. அதன் விலை இங்கே யாருக்கும் எட்டாது. 2001-ல் இந்திய நிறுவனம் சிப்லா விலையைப் பெரிய அளவில் உடைத்தது. 2004 ஏப்ரல் 1 முதல்தான் அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது, தாம்பரம் சானடோரியம் மருத்துவமனையும் அந்த முதல் பட்டியலில் இருந்தது. இடைப்பட்ட அந்தப் பத்து ஆண்டுகள் சுனிதி செய்தது பெரும்பாலும் பேச்சும், துணையும், வலி குறைப்பும், கடைசி நாட்களில் கூட இருப்பதும்தான்.

கல்யாணத் தரகர் டாக்டர்

மருந்து வந்ததும் ஒரு புதுப் பிரச்னை. நல்ல பிரச்னை. சாகப் போறோம்னு நினைச்சவங்க சாகலை. இருபத்தஞ்சு, முப்பது வயசு. வீட்டில் கல்யாணப் பேச்சு. உண்மையைச் சொன்னால் மானம் போகும், சொல்லாமல் கட்டினால் இன்னொரு உயிருக்கு ஆபத்து.

சுனிதி என்ன பண்ணினார்? எச்.ஐ.வி உள்ளவர்களுக்கு எச்.ஐ.வி உள்ளவர்களிலேயே வரன் பார்க்க ஆரம்பித்தார். சும்மா இரண்டு பேரைச் சேர்த்து வைப்பது இல்லை. படிப்பு, சம்பளம், மொழி, சாதி, குடும்பம் எல்லாம் பார்த்து, கூடவே ரத்தப் பரிசோதனை எண்களையும் பார்த்து. நம்ம ஊர் ஜாதகப் பொருத்தத்தில் நோய் எதிர்ப்பு செல் எண்ணிக்கையும் சேர்ந்துகொண்டது மாதிரி. சாதியெல்லாம் பார்க்கணுமா என்று கேட்கலாம். வந்தவர்கள் கேட்டது அதைத்தான். நோயால் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டவர்களுக்கு மத்த எல்லாம் ஊரைப் போலவே இருக்கணும் என்ற ஆசை. இந்த வேலையை வைத்து 'லவ்சிக்' என்ற ஆவணப்படமும் வந்தது.

அவர் மையம் பங்கேற்ற ஒரு பெரிய ஆய்வும் இங்கே முக்கியம். கணவன், மனைவியில் ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி இருக்கும் 1,763 ஜோடிகளை 9 நாடுகளில் கண்காணித்தார்கள். சென்னையும் அதில் ஒரு மையம். 2011-ல் வந்த முடிவு: சீக்கிரமே மருந்து தொடங்கினால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது. மருந்தே தடுப்பும் ஆகிறது என்ற இன்றைய கொள்கைக்கு அடிப்படை இதுதான்.

ஜி.என்.டி ரோடும் சிப்காட்டும் எங்கே வருகிறது?

1990-களில் வைரஸ் பரவிய வழிகளில் முக்கியமானது நெடுஞ்சாலை. வாரக் கணக்கில் வீட்டைவிட்டு வெளியே இருக்கும் லாரி ஓட்டுநர்கள், ஊர்விட்டு ஊர் வந்து வேலை பார்க்கும் தொழிலாளர்கள். எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இவர்களைப் 'பாலம்' என்ற அர்த்தத்தில் ஒரு பிரிவாகவே வைத்திருக்கிறார்கள். அதிக ஆபத்துள்ள ஒரு கூட்டத்திலிருந்து வீட்டில் இருக்கும் மனைவி வரை வைரஸ் கடக்கும் பாலம். சென்னையையும் கொல்கத்தாவையும் இணைக்கும் சாலை கும்மிடிப்பூண்டி வழியாக ஆந்திர எல்லையைத் தாண்டுகிறது. சிப்காட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள், துறைமுகத்துக்குப் போய்வரும் கன்டெய்னர் லாரிகள். முகாம்கள் இங்கே அடிக்கடி நடப்பது இதனால்தான்.

சிப்காட்டில் வேலை பார்ப்பவர்கள் தெரிஞ்சு வெச்சுக்க வேண்டியது இது. 2017 சட்டப்படி, வேலைக்குச் சேர எச்.ஐ.வி பரிசோதனையை நிபந்தனையாக்கக் கூடாது. எச்.ஐ.வி இருக்கு என்ற காரணத்துக்காக வேலையை விட்டுத் தூக்கவும் கூடாது. 100 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில் இதுபற்றிய புகாரை வாங்க ஒரு அதிகாரி இருக்கணும். இந்தச் சட்டம் 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. சுனிதி அதைப் பார்க்கவில்லை.

லாரி அதே, லோடு வேற

சரி, மருந்தான கதைக்கு வருவோம்.

'லென்டி' என்றால் லத்தீனில் மெதுவானது. உள்ளே போய் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்து, பிறகு வேலையைக் காட்டும் வைரஸ் குடும்பம். எச்.ஐ.வி-யின் உண்மையான திறமை என்ன தெரியுமா? தன் ஆர்.என்.ஏ-வை டி.என்.ஏ-வாக மாற்றி, நம் செல்லின் டி.என்.ஏ-வுக்குள்ளேயே ஒட்டிவிடுவது. பிரியாமல் சும்மா இருக்கும் செல்லுக்குள்ளும் அதால் நுழைய முடியும். அதனால்தான் அதை உடம்பைவிட்டு முழுசாக விரட்ட முடிவதில்லை.

விஞ்ஞானிகள் இதைத் திருப்பிப் போட்டு யோசித்தார்கள். ஒரு நல்ல மரபணுவை செல்லுக்குள் நிரந்தரமாகச் சேர்க்கணும்னா, இதைவிடக் கைதேர்ந்த டெலிவரி ஆள் யார்? 1996-ல் அமெரிக்காவின் சால்க் இன்ஸ்டிடியூட்டில் லூயிஜி நால்தினி, டிடியே ட்ரோனோ, இந்தியாவில் பிறந்த இந்தர் வர்மா ஆகியோர் அடங்கிய குழு இதைச் செய்து காட்டியது.

ஜி.என்.டி ரோட்டு பாஷையில் சொன்னால், லாரி அதே, லோடு வேற. வைரஸின் நோய் உண்டாக்கும் மரபணுக்களையும், தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் மரபணுக்களையும் எடுத்துவிடுகிறார்கள். துகளை உருவாக்கத் தேவையான கட்டளைகளைத் தனித்தனி டி.என்.ஏ வளையங்களாகப் பிரித்து வைக்கிறார்கள். ஒன்று கூட இல்லாவிட்டாலும் துகள் உருவாகாது. எல்லாம் ஒன்றாகப் பயணிக்கவும் முடியாது. வெளி உறையைக்கூட மாற்றி, கால்நடைகளைத் தாக்கும் வேறொரு வைரஸின் உறையைப் போட்டுவிடுகிறார்கள். இந்த வளையங்களை ஆய்வகத்தில் வளரும் சிறுநீரக செல்களுக்குள் செலுத்தினால், இரண்டு மூன்று நாளில் துகள்கள் திரவத்தில் வந்து நிற்கும். வடிகட்டி, செறிவாக்கி, மைனஸ் 80 டிகிரியில் வைக்கலாம். இந்தத் துகள் ஒரு தடவை செல்லுக்குள் நுழைந்து லோடை இறக்கும். அவ்வளவுதான். திரும்பி வர வண்டி இல்லை. எச்.ஐ.வி வராது.

லோடாக என்ன ஏற்றலாம்? ஆய்வகங்கள் அதிகம் ஏற்றும் சரக்குகளில் ஒன்று மனித டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் மரபணுக்கள். பெயர் பெரிசு, விஷயம் சின்னது. வீட்டு மெயின் போர்டு மாதிரி, எந்த மரபணு எப்போ எரியணும், எப்போ அணையணும் என்று தீர்மானிக்கும் சுவிட்ச் புரதங்கள் இவை. மனித உடம்பில் சுமார் 1,600 இருக்கு. இதில் நான்கை மட்டும் செல்லுக்குள் கூடுதலாக ஏற்றினால் சாதாரணத் தோல் செல் ஆதி செல் போல மாறிவிடும் என்று ஜப்பானின் ஷின்யா யமனகா நிரூபித்து 2012-ல் நோபல் வாங்கினார்.

ஆனா ஒரு சிக்கல். அந்த சுவிட்ச் புரதம் செல்லில் ஏற்கெனவே கொஞ்சம் இருக்கலாம். நாம் அனுப்பியது எது, அங்கே இருந்தது எது என்று எப்படித் தெரியும்? கல்யாண வீட்டில் எல்லாருடைய எவர்சில்வர் பாத்திரமும் கலந்துவிடும் என்றுதானே நம்ம வீடுகளில் அடியில் பேர் வெட்டி வைக்கிறோம்? அதே யோசனைதான். புரதத்தின் நுனியில் சில அமினோ அமிலங்களால் ஆன சின்ன அடையாளத்தை ஒட்டிவிடுகிறார்கள். 'டேக்' என்று பெயர். அந்த அடையாளத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியை விட்டால், நம் பாத்திரம் எங்கே இருக்கு, டி.என்.ஏ-வில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கு எல்லாம் தெரிந்துவிடும். புற்றுநோய் ஆராய்ச்சியிலிருந்து ரத்த நோய் ஆராய்ச்சி வரை இது இன்று அன்றாட வேலை.

இன்னொரு ஆச்சரியமும் இருக்கு. தயாரித்த துகள்கள் எவ்வளவு என்று அளக்க, எச்.ஐ.வி-யின் உட்புறக் கூட்டைச் சேர்ந்த பி24 புரதத்தை எண்ணுவார்கள். எண்ணப் பயன்படுவது எலிசா தட்டு. 1986-ல் வேலூரில் மஞ்சளானது ஆன்டிபாடியைத் தேடிய தட்டு, இது வைரஸின் புரதத்தையே தேடும் தட்டு. ஆனா அதே குழிகள், அதே நிறமாற்றம்.

அதே வேலூர், 38 ஆண்டுகள் கழித்து

2024 டிசம்பரில் உலகின் முக்கிய மருத்துவ இதழான நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வேலூர் சி.எம்.சி-யின் ஆய்வு வெளியானது. டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையிலான குழு. நோய்: ஹீமோஃபீலியா ஏ. ரத்தம் உறையத் தேவையான எட்டாவது காரணி இல்லாமல் பிறக்கும் நிலை. சின்ன அடி பட்டாலும் மூட்டுக்குள் ரத்தம் கசியும். வாழ்நாள் முழுக்க ஊசி, பெரும் செலவு.

நோயாளிகளின் சொந்த ரத்த ஆதி செல்களை எடுத்து, லென்டிவைரஸ் துகள் வழியாக அந்தக் காரணிக்கான மரபணுவை ஏற்றி, உடம்புக்குள் திருப்பிச் செலுத்தினார்கள். 22 முதல் 41 வயது வரையிலான ஐந்து பேர். கண்காணித்த காலத்தில், அதாவது ஆளுக்கு 9 முதல் 27 மாதங்கள் வரை, அவர்களில் யாருக்கும் ரத்தக்கசிவு ஏற்படவில்லை.

ஐந்து பேர் என்பது சின்ன எண்ணிக்கை. திருப்பிச் செலுத்துவதற்கு முன் கீமோதெரபி தேவை, அது லேசான விஷயமில்லை. வெளிநாட்டில் வேறொரு லென்டிவைரஸ் சிகிச்சையில், அரிய மூளை நோய்க்கு மருந்து பெற்ற சில குழந்தைகளுக்குப் பின்னாளில் ரத்தப் புற்றுநோய் வந்ததும் உண்மை. டி.என்.ஏ-வில் லோடு எந்த இடத்தில் இறங்கும் என்பது முழுசா நம் கையில் இல்லாததுதான் காரணம். அதனால் பல ஆண்டுகள் கண்காணிப்பு அவசியம். இப்படிச் சிகிச்சை பெற்றவர்களுக்குச் சில வகை எச்.ஐ.வி மரபணுப் பரிசோதனைகள் தவறாக 'பாசிட்டிவ்' காட்டலாம் என்ற எச்சரிக்கையும் உண்டு. அவர்களுக்கு எச்.ஐ.வி கிடையாது. பழைய லாரியின் நம்பர் பிளேட் கொஞ்சம் மிச்சம் இருக்கு, அவ்வளவுதான்.

மும்பை ஐ.ஐ.டி-யில் உருவாகி 2023-ல் அனுமதி பெற்ற, ரத்தப் புற்றுநோய்க்கான நெக்ஸ்கார்19 சிகிச்சையும் லென்டிவைரஸ் வழியாகத்தான் தயாராகிறது.

கடைசி நாட்கள்

கணவர் சாலமன் விக்டர் 2006-ல் காலமானார். அதன் பிறகும் சுனிதி மையத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. கணையப் புற்றுநோய் வந்த பிறகுதான் ஓய்ந்தார். 2015 ஜூலை 28-ல் சென்னை வீட்டில் உயிர் பிரிந்தது. முந்தைய நாள்தான் அப்துல் கலாம் மறைந்திருந்தார். நாடு முழுக்க அந்தத் துக்கம் நிறைந்திருந்த நாள் அது.

2017-ல் அவர் மறைவுக்குப் பின் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

இந்தியாவில் இன்று எச்.ஐ.வி-யோடு வாழ்பவர்கள் சுமார் 25 லட்சம் பேர். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் பரிசோதனையும், ஏ.ஆர்.டி மையங்களில் மருந்தும் இலவசம். விவரம் ரகசியமாக வைக்கப்படும். சந்தேகம் இருந்தால் 1097 என்ற இலவச எண்ணுக்குப் பேசலாம். தமிழிலேயே பேசலாம்.